பள்ளிக்கு ரப்பர் செருப்பு போட்டு அனுப்பலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். காலையில் இறைவணக்கத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது என் கண் முதலில் கால்களுக்குத்தான் போகும். யாருடைய செருப்பில் ஊக்கு குத்தியிருக்கிறது, யார் விந்தி நடக்கிறார்கள், யார் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: ரப்பர் செருப்போடு அனுப்பலாமா, கூடாதா?

வீட்டில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். வேறு வாங்க முடியும் என்றால், குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார் வைத்த செருப்பையோ, அளவு சரியான ஷூவையோ வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். காலுக்கு எது நல்லது என்பது ஒரு பேச்சு. அது இல்லாத பிள்ளையைப் பள்ளி எப்படி நடத்த வேண்டும் என்பது வேறு பேச்சு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல பள்ளிகளின் வாசலில் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

ரப்பர் செருப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அடியில் தட்டையான ரப்பர், மேலே கவட்டை போன்ற வார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு குமிழ், பக்கங்களில் இரண்டு குமிழ்கள். நாம் ஹவாய் செருப்பு என்று சொல்வதும் இதைத்தான். இதன் மூத்த வடிவம் ஜப்பானியர் வைக்கோலில் பின்னிய ஸோரி. 1962-இல் பிரேசிலில் அதே அமைப்பை ரப்பரில் செய்து, 'ஹவாய்க்காரர்' என்று பொருள்படும் ஹவாயனாஸ் என்ற பெயரில் விற்றார்கள். அந்தச் செருப்பின் மேல்பரப்பில் அரிசி மணி போன்ற அச்சு இருப்பது ஸோரியை நினைவூட்டத்தான்.

இந்தச் செருப்பை நான் மட்டமாகப் பேசமாட்டேன். விலை குறைவு, கழுவினால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், வார் போனால் வார் மட்டும் மாற்றலாம். வெறுங்காலோடு நடந்த லட்சக்கணக்கானவர்களின் காலுக்கு முதன்முதலில் வந்த காப்பு இதுதான்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

உங்கள் பிள்ளையை ரப்பர் செருப்போடு பத்தடி நடக்கச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து விரல்களை மட்டும் பாருங்கள். காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் விரல்கள் கீழ்நோக்கி வளைந்து செருப்பைக் கவ்வும். கவ்வாவிட்டால் செருப்பு பின்தங்கிவிடும். குதிகாலைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், வார் செய்ய வேண்டிய வேலையை விரல்கள் செய்கின்றன. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் கல்லூரி மாணவர்களின் நடையை அளந்து பார்த்தபோதும் இதுவே தெரிந்தது: இந்தச் செருப்பில் ஒவ்வோர் அடியின் நீளமும் குறைந்துவிடுகிறது, காலை வீசும்போது விரல்களைப் போதுமான அளவு மேலே தூக்குவதில்லை.

வீட்டிலிருந்து மூலைக் கடைக்குப் போய் வர இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பள்ளி நாள் என்பது காலை எட்டரை மணி முதல் மாலை வரை. பஸ் பிடிக்க ஓட்டம், மாடிப்படி, இடைவேளையில் துரத்திப் பிடித்தல், சத்துணவு வரிசை, மறுபடியும் ஓட்டம். எங்கள் பள்ளியில் மணி அடித்ததும் வராந்தாவில் பிள்ளைகள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழுவார்கள்: செருப்பின் முன்நுனி தரையில் மடங்கும், உடம்பு முன்னே போய்விடும், முழங்காலும் உள்ளங்கையும் சிராய்க்கும்.

அப்படியானால் ஷூதான் நல்லது, ஷூ போட்டால்தான் பாதம் ஒழுங்காக வளரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1992-இல் கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து, யாருக்குத் தட்டைப் பாதம் இருக்கிறது என்று பார்த்தார்கள். காலணி அணிந்து பழகியவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். காலணி அணிந்தவர்களிலும், முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. விரல்கள் விரிந்து, மண்ணைப் பற்றி, தசைகள் வேலை செய்யும்போதுதான் பாதத்தின் வளைவு நன்றாக உருவாகிறது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எனவே மூன்று வயதுப் பிள்ளைக்குக் கறுப்புத் தோல் ஷூ மாட்டி எல்.கே.ஜி.க்கு அனுப்புவதில் காலுக்கு எந்த லாபமும் இல்லை. சிறு பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு, அதற்காகப் பயந்து கடினமான ஷூ வாங்காதீர்கள். வலி இருந்தால், ஒரு கால் மட்டும் வேறு மாதிரி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெறுங்கால்தான் நல்லது என்றால் வெறுங்காலோடே அனுப்பிவிடலாமே?

வீட்டுக்குள், சுத்தமான முற்றத்தில், மணல் பரப்பிய மைதானத்தில் வெறுங்காலோடு ஆடட்டும். நானே கபடிக்கும் கோகோவுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கச் சொல்வேன். ஆனால் பள்ளிக்கு வரும் வழியும் பள்ளிக் கழிப்பறையும் வேறு.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கலந்த ஈர மண்ணில் அதன் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலிடுக்கில் அரிப்பு வரும், நாம் சேறு என்று விட்டுவிடுவோம். அது ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வகுப்பில் சோர்ந்து படுக்கும் பிள்ளை, ஓடச் சொன்னால் இரண்டு சுற்றிலேயே மூச்சிரைக்கும் பிள்ளை, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும் பிள்ளை: இவர்களை நான் சோம்பேறி என்று நினைத்த காலம் உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கொடுக்கும்போது 'வெறும் வயிறு, வேண்டாம்' என்று யாரோ சொன்னதை நம்பித் தட்டிவிடாதீர்கள். மாத்திரை புழுவைக் கொல்லும். மறுபடி ஏறாமல் தடுப்பது காலில் இருக்கும் செருப்புதான். இந்த ஒரு காரணத்துக்காகவே, எதுவும் இல்லாமல் வருவதைவிட ரப்பர் செருப்பு ஆயிரம் மடங்கு மேல்.

எங்கள் பக்கம் முள் அதிகம். ரப்பர் செருப்பு தாங்குமா?

நெருஞ்சி முள்ளைத் தாங்கும். சீமைக் கருவேல முள்ளைத் தாங்காது. எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேய்ந்த ரப்பர் அட்டையில் அந்த முள் ஊசி போல ஏறி, மறுபக்கம் வந்து, பாதத்துக்குள் ஒடிந்துவிடும். வெளியே தெரிவது ஒரு கறுப்புப் புள்ளி மட்டுமே. செருப்பின் குதிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் விரல்கள் ஒன்றையொன்று உணர்கின்றன என்றால் அந்தச் செருப்பின் ஆயுள் முடிந்துவிட்டது.

முள்ளோ துருப்பிடித்த ஆணியோ ஏறினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய, ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள்.

வயல் வரப்பு வழியாக வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடி விரியன் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கடிக்கும். திறந்த செருப்பு அதைத் தடுக்காது. அந்த வழியில் வருபவர்களுக்கு மட்டுமாவது மூடிய ஷூ வாங்கப் பாருங்கள், இருட்டிய பிறகு கையில் டார்ச் லைட் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் எது போடுவது?

ஐப்பசி, கார்த்திகையில் நான் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கு நனைந்த ஷூவும் சாக்ஸும் மாலை நான்கு வரை காலிலேயே ஊறினால் விரலிடுக்கு வெளுத்து, தோல் பிய்ந்து, சேற்றுப்புண் வரும். அந்த நாட்களில் திறந்த செருப்புதான் சரி. அதிலும் பின்வார் இருந்தால் சேற்றில் கழன்று போகாது. ஷூ கட்டாயம் என்றால் பையில் ஒரு ஜோடி காய்ந்த பருத்தி சாக்ஸும், கால் துடைக்க ஒரு பழைய துண்டும் வைத்து அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளைத் துடைப்பது உங்கள் வேலையாகவே இருக்கட்டும், பிள்ளைகள் செய்யமாட்டார்கள். ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் காலைக்குள் ஓரளவு காயும்.

காலில் வெட்டோ புண்ணோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் நடக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

சைக்கிளில் போகும் பிள்ளைக்கு?

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பெடலில் செருப்பு வழுக்கும், நழுவும் செருப்பைப் பிடிக்கப் பிள்ளை கீழே குனியும், அந்த நொடியில் பின்னால் லாரி வரும். பின்னால் உட்காரும் சிறு பிள்ளையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால் தோல் உரிந்து எலும்பு வரை போகும். அப்படி ஒரு காலைத் துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். மூடிய ஷூ, கம்பியை மறைக்கும் வலை: இரண்டும் இல்லாமல் பின்னால் ஏற்றாதீர்கள்.

அரசு தரும் காலணி போதாதா?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை விலையில்லாக் காலணி தரும் திட்டம் 2012-13 கல்வியாண்டில் வந்தது. முதலில் செருப்பு தந்தார்கள், பிறகு சில வகுப்புகளுக்கு ஷூவும் சாக்ஸும் ஆனது. நல்ல திட்டம், நான் கண்ணால் பார்த்த மாற்றம் அது. ஆனால் வளரும் காலுக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி பத்தாது. ஜூனில் அளவெடுத்தால், கையில் வரும்போது கால் அரை விரல் வளர்ந்திருக்கும். அளவெடுக்கும் நாளில் பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத ஜோடி வந்தால் வாங்கி வீட்டில் வைத்துவிடாமல் வகுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடுங்கள். பக்கத்து வகுப்பில் அதே அளவுக்குக் காத்திருக்கும் பிள்ளை இருக்கும். நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம்.

செருப்பு போட்டு வந்ததற்காகப் பள்ளியில் வெளியே நிறுத்துகிறார்கள். செய்யலாமா?

செய்யக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, 6 முதல் 14 வயது வரையிலான எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. அது தனியார் பள்ளிக்கும் பொருந்தும்.

என் அக்கா மகன் ஆறாம் வகுப்பில் படித்தபோது, ஒரு நவம்பர் மாதம் ஷூ காயவில்லை என்று ரப்பர் செருப்போடு போனான். இரண்டு பாடவேளை வராந்தாவில் நிற்க வைத்தார்கள். மறுநாள் ஈர ஷூவையே மாட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம் காய்ந்த ஷூ இருந்தும் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். அவன் இழந்த இரண்டு கணக்குப் பாடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இதில் பணம் மட்டும் இல்லை, இன்னும் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. இந்த மண்ணில் சிலர் சில தெருக்களில் காலில் செருப்பே போடக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில் பட்டியல் சாதி மக்கள் சுமார் 60 பேர், அப்படித் தடுக்கப்பட்டிருந்த தெருவில் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான். தாத்தாவைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஊரில், பேரனின் செருப்பைச் சுட்டிக்காட்டி வகுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லும்போது அந்த வீட்டில் என்ன வலிக்கும் என்று ஆசிரியர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். சீருடை விதி வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். பிள்ளையை உள்ளே உட்கார வையுங்கள்.

பெற்றோரும் வாசலில் நின்று சத்தம் போட வேண்டாம். தலைமையாசிரியருக்கு நாள், வகுப்பு, நடந்தது மூன்றையும் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

ஷூதான் ஒழுக்கம் என்கிறார்களே?

நீட் தேர்வு மையத்தில் ஷூவுக்கு அனுமதி இல்லை, செருப்போடுதான் உள்ளே விடுகிறார்கள். பீகாரில் 2018-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கே ஷூவும் சாக்ஸும் போடக் கூடாது, செருப்போடு வர வேண்டும் என்று தேர்வு வாரியம் உத்தரவிட்டது. வாழ்க்கையின் பெரிய தேர்வைச் செருப்போடு எழுதலாம் என்றால், செவ்வாய்க்கிழமை சமூக அறிவியல் வகுப்பிலும் செருப்போடு உட்காரலாம்.

கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து வாங்குவது?

மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று உப்பியிருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு காலிலும் போட்டு நிற்கச் சொல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். என் அப்பாவும் அப்படித்தான் வாங்கினார், முனையில் துணி திணித்துப் போட்டேன். ஆனால் பெரிய செருப்பும் ரப்பர் செருப்பைப் போலவேதான், விரலால் கவ்வித்தான் நடக்க வேண்டியிருக்கும்.

அகலத்தை மறந்துவிடாதீர்கள். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. கடைகளில் நாம் பயன்படுத்தும் வெளிநாட்டு அளவுகளுக்கு நம் பாதம் ஒத்துவரவில்லை, நம்முடையது அகலமானது என்று தெரிந்தது. ஆகவே 'போடப் போட லூசாகிவிடும்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கடையிலேயே கடிக்கும் ஷூ வீட்டிலும் கடிக்கும்.

அடிப்பகுதி முன்பாதத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் துணி போல மடங்கினால் வேண்டாம். அடியில் வரிப்பள்ளங்கள் இருக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் கயிறு வேண்டாம், ஒட்டும் பட்டை போதும். பணம் குறைவு என்றால் மலிவான ஷூவைவிட நல்ல பின்வார் சாண்டலையே வாங்குங்கள். காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் ஷூவில் வெயில் காலத்தில் கால் வெந்துபோகிறது.

காலில் புண், நகச்சுற்று, கட்டு இருந்தால்?

ரப்பர் செருப்பே போடட்டும். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

வழியில் வார் அறுந்துவிட்டால் ஊக்கு குத்திப் போட்டுக்கொள்ளலாமா?

வீடு வந்து சேரும் வரை மட்டும். குமிழ் துளையை விட்டு வெளியே வந்திருந்தால், அட்டைக்கு அடியில் குமிழின் கழுத்தில் ஊக்கைக் குறுக்கே மாட்டுவார்கள். நடக்க நடக்க ஊக்கின் வாய் திறந்துகொள்ளும், படிக்கட்டில் உட்காரும்போது அடுத்த பிள்ளையின் காலைக் கிழிக்கும். இரண்டு முறை பார்த்துவிட்டேன். என் மேசை இழுப்பறையில் புது வார்கள் சில வைத்திருக்கிறேன். நீங்களும் வீட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். மாட்டும்போது குமிழைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அடிப்பக்கத்திலிருந்து இடுக்கியால் மெல்ல இழுத்தால் துளை கிழியாமல் உள்ளே வந்துவிடும்.